ஜெர்மனியில் உணவகம் திறந்து ஆள் வைக்கப் போகிறீர்களா? முதலில் பேனாவை எடுங்கள்

கேள்வி இதுதான்: டோர்ட்மண்டில் மூன்று மாதத்தில் ஒரு தென்னிந்திய உணவகம் திறக்கிறீர்கள். முழுநேரத்துக்கு 4 பேர், மினிஜாப்பில் (மாதச் சம்பளத்துக்கு வரம்பு வைத்த சிறு பகுதிநேர வேலை) 5 பேர். முழுநேரத்தில் ஒருவர் சென்னையிலிருந்து வரப்போகும் சமையல்காரர். ‘ஜெர்மனியில் ஒருவரை எடுத்தால் அப்புறம் அனுப்பவே முடியாது’ என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பாத்திரம் கழுவுபவரையும் டெலிவரி பையனையும் தனித்தொழில் பதிவு செய்துகொண்டு வந்து பில் கொடுக்கச் சொன்னால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆள் தேவை விளம்பரத்தின் வரைவையும் காட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பல வருடங்களாகச் சம்பளக் கணக்குப் போடுகிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் உணவகக்காரர்கள். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்: இந்த ஊரில் சின்ன முதலாளிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் யாரையும் ஏமாற்றியதால் இல்லை. எழுதாமல் விட்டதால், தப்பான நாளில் எழுதியதால், தாளுக்குப் பதில் கைப்பேசியில் அனுப்பியதால்.

போன வருடம் நடந்தது. ஒரு கடைக்காரர் பரிமாறுகிற பையனோடு சனிக்கிழமை இரவு சண்டை போட்டுவிட்டு, வேலைநீக்கக் கடிதத்தைக் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டு, அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். தாள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 623-ஆம் பிரிவுப்படி வேலைநீக்கம் தாளில், மை கையெழுத்தோடு, அசலாகவே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல், ஃபேக்ஸ், வாட்ஸப் படம் எதுவும் செல்லாது. பையன் மறுநாளே ‘நான் வேலைக்கு வரத் தயார்’ என்று எழுதி அனுப்பிவிட்டான். முறையான கடிதம் போய்ச் சேர்ந்தது மூன்று மாதம் கழித்து. இடைப்பட்ட சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழுந்தது. இன்னொரு வேடிக்கை: நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம் என்ற கெடு எழுத்துபூர்வமான கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். வாட்ஸப்புக்கு அந்தக் கெடுவே தொடங்காது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லாகவும் செய்யலாம். ஆனால் அதன் முக்கிய விவரங்களை நீங்கள் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். இரு தரப்பின் பெயர் முகவரி, சம்பளம், வேலை நேரம் ஆகியவை முதல் நாளிலேயே. தொடங்கும் தேதி, வேலை இடம் போன்ற சில ஏழு நாளுக்குள். மீதி ஒரு மாதத்துக்குள். தவறினால் 2,000 யூரோ வரை அபராதம். 2025 ஜனவரி முதல் இதை மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். உணவகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது! கள்ள வேலை அதிகம் நடப்பதாகச் சட்டம் கருதும் துறைகளின் பட்டியலில் கட்டுமானம், சரக்குப் போக்குவரத்து, கட்டடத் துப்புரவு ஆகியவற்றோடு உணவகமும் இருக்கிறது. நீங்கள் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

‘ஒரு வருடத்துக்கு மட்டும்’ என்று காலம் குறித்து ஆள் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. இரு தரப்பும் வேலை தொடங்கும் முன் தாளில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தோசைக்கல் முன்னால் நின்றவர் மாலையில் கையெழுத்துப் போட்டால் அந்தக் காலவரம்பு செல்லாது. அவர் நிரந்தர ஊழியர். முறையாகச் செய்தால், காரணம் எதுவும் சொல்லாமல் 2 வருடம் வரை, அதற்குள் மூன்று முறை நீட்டிக்கலாம். புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு முதல் நான்கு வருடங்களில் இன்னும் தாராளம், 4 வருடம் வரை போகலாம். உங்களுக்கு அது பொருந்தும்.

அடுத்து மினிஜாப். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2026-இல் மினிஜாப் வரம்பு மாதம் 603 யூரோ. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு 43 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 2027 ஜனவரி முதல் கூலி 14.60, வரம்பு 633. இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் மணிக்கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது, ‘தேவைப்படும்போது கூப்பிடுகிறேன், வா’ என்று எடுப்பதில் இருக்கும் பொறி. வாரத்துக்கு எத்தனை மணி என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், வாரம் 20 மணி நேரம் பேசியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2019-க்கு முன் அது 10 மணியாக இருந்தது. இப்போது கணக்குப் போடுங்கள்: வாரம் 20 மணி என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 86.7 மணி, 13.90-ஆல் பெருக்கினால் சுமார் 1,205 யூரோ. நீங்கள் அவருக்குக் கொடுத்தது 400 யூரோவாக இருக்கலாம். ஆனால் சமூகக் காப்பீட்டுக் கட்டணம், கொடுத்த சம்பளத்துக்கு இல்லை, கொடுக்க வேண்டியிருந்த சம்பளத்துக்குக் கணக்காகும். அதாவது நீங்கள் தராத, அவர் வாங்காத சம்பளத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இதற்கு ஜெர்மனில் ‘ஃபான்டோம்லோன்’ என்று பெயர், பேய்ச்சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,205 யூரோ மினிஜாப் வரம்பைத் தாண்டிவிடுவதால் அது மினிஜாப்பாகவும் இருக்காது. ஓய்வூதியக் காப்பீட்டுத் துறையின் தணிக்கை 4 வருடத்துக்கு ஒரு முறையாவது வரும். ஐந்து பேருக்கு நான்கு வருடம் பெருக்கிப் பாருங்கள். இத்தனையையும் தடுப்பது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி: ‘வாரத்துக்கு 9 மணி நேரம்’. அந்த ஒரு வரியைப் போடாதவர்கள் எத்தனை பேர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மினிஜாப் ஆளுக்கு விடுப்பு இல்லை, நோய்க்காலச் சம்பளம் இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எல்லாம் உண்டு. சட்டப்படியான விடுப்பு வாரம் 6 நாள் வேலைக்கு 24 நாள். 5 நாள் வேலைக்கு 20. வாரம் 2 நாள் வருபவருக்கு 8.

முதல் நாளுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளை உங்கள் வரி ஆலோசகர் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். வேலைவாய்ப்புத் துறையிடமிருந்து நிறுவன எண் வாங்க வேண்டும். விபத்துக் காப்பீட்டுக்கு உணவுத் துறைக்கான பெரூஃப்ஸ்கெனோசென்ஷாஃப்ட் என்ற காப்பீட்டுச் சங்கத்தில், தலைமையகம் மான்ஹைமில், தொழில் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும். அதன் கட்டணம் முழுக்க முதலாளியுடையது. அப்புறம் உடனடிப் பதிவு: உணவகத்தில் ஒருவர் வேலையைத் தொடங்கும் அந்தக் கணத்துக்குள் அவர் பெயர் மின்வழியாக ஓய்வூதியக் காப்பீட்டின் தரவு மையத்துக்குப் போயிருக்க வேண்டும். ‘இன்று ஒரு நாள் பார்ப்போம், திங்கட்கிழமை பதிவோம்’ என்பது இங்கே நடக்காது. உணவைத் தொடுகிற ஒவ்வொருவரும் முதல் முறை வேலைக்கு வரும்போது சுகாதாரத் துறை கொடுத்த தொற்றுத்தடுப்பு அறிவுறுத்தல் சான்றைக் கொண்டுவர வேண்டும். சான்று 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நீங்களே அறிவுறுத்தி, எழுதி வைக்க வேண்டும்.

இதெல்லாம் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்கிறீர்களா? சுங்கத்துறை. துறைமுகத்தில் பெட்டியைத் திறப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதே துறையில் கள்ள வேலையைப் பிடிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணி, எல்லா மேசையும் நிரம்பியிருக்கும். இரண்டு பேர் முன்வாசல் வழியாகவும் இரண்டு பேர் பின்கதவு வழியாகவும் வருவார்கள். யாரும் நகரக் கூடாது என்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஒரே கேள்விகள்: எந்தத் தேதியிலிருந்து வேலை, இன்று எத்தனை மணிக்கு வந்தீர்கள், வாரம் எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, கையிலா வங்கியிலா? பதில்களை உங்கள் தாளோடு ஒப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். அப்படி வைத்திருக்கச் சொல்லி நீங்கள் எழுத்தில் அறிவுறுத்தியதற்கும் அத்தாட்சி இருக்க வேண்டும். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மைத்துனர் ‘நான் சும்மா உதவிக்கு வந்தேன்’ என்பார். உறவுக்காரர் எப்போதாவது கைகொடுப்பது குற்றமில்லைதான். ஆனால் மூன்றாவது வெள்ளிக்கிழமையும் அவர் ஏப்ரனோடு நின்றால் அதை யாரும் நம்பப் போவதில்லை.

அவர்கள் முதலில் கேட்கும் தாள் நேரப் பதிவு. உணவகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்த நேரம் மூன்றையும் ஏழு நாளுக்குள் எழுதி, 2 வருடம் வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா நாளுக்கும் ‘17.00 – 22.00’ என்று ஒரே பேனாவால் நிரப்பிய தாளை அந்த அதிகாரிகள் ஆயிரம் பார்த்திருப்பார்கள். நேரம் உண்மையாக இருந்தால் அது 17.04 என்றும் 22.17 என்றும்தான் இருக்கும். வேலை நேர வரம்பு ஒரு நாளைக்கு 8 மணி. ஆறு மாதச் சராசரியில் ஈடுகட்டினால் 10 மணி வரை. 6 மணிக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, 9-க்கு மேல் 45. இரவு முடிந்து மறுநாள் தொடங்கும் வரை 11 மணி ஓய்வு; உணவகத்தில் வேறொரு நாள் 12 மணி ஓய்வு கொடுத்து ஈடுகட்டினால் 10. ஞாயிறு திறக்கலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் 15 ஞாயிறாவது ஓய்வு வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தால் அபராதம் 5,00,000 யூரோ வரை போகலாம். வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் கூலியில் சேராது.

தனித்தொழில் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் அடுக்களையில், உங்கள் தட்டை, நீங்கள் சொன்ன நேரத்தில் கழுவுபவர் என்ன பதிவு எடுத்திருந்தாலும் ஊழியர்தான். பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், யார் சொல்லி யார் செய்கிறார் என்றே பார்ப்பார்கள். டெலிவரி பையன் உங்கள் வண்டியில், உங்கள் ஷிஃப்டில் ஓடினால் அவரும் அப்படியே. பிடிபட்டால் சமூகக் காப்பீட்டின் இரு தரப்புக் கட்டணமும் உங்களிடமே வசூலாகும். ஊழியரின் பங்கை அடுத்த மூன்று சம்பளத்தில் மட்டுமே பிடிக்கலாம், பெரும்பாலும் அதற்குள் ஆளே போயிருப்பார். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால், நீங்கள் கொடுத்த தொகையையே நிகரச் சம்பளமாக வைத்து, அதற்கு மேல் வரியும் கட்டணமும் கூட்டி மொத்தச் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம். 30 வருடம் வரை பின்னோக்கிப் போகலாம். இதோடு குற்றவியல் சட்டத்தின் 266-ஏ பிரிவும் இருக்கிறது, 5 வருடம் வரை சிறை. கம்பெனி கடனில் மூழ்கினாலும் மூடினாலும், நிர்வாக இயக்குநர் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டிய பிரிவு அது. பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வாடகையைத் தள்ளிப்போடுங்கள், காய்கறிக்காரரிடம் தவணை கேளுங்கள். ஊழியரின் சமூகக் காப்பீட்டுப் பங்கைத் தொடாதீர்கள். அது மாதம் முடியும் முன்பே, கடைசியிலிருந்து மூன்றாவது வங்கி வேலைநாளில், காப்பீட்டு நிதியத்தின் கணக்கில் இருக்க வேண்டும்.

செலவுக்கு, முழுநேர ஊழியரின் மொத்தச் சம்பளத்துக்கு மேல் சுமார் 21, 22 சதவீதம் சேர்த்துப் போடுங்கள். இதில் யு-1, யு-2 என்று இரண்டு சிறு கட்டணங்கள் வரும், முணுமுணுக்காமல் கட்டுங்கள். நோயில் படுத்தவருக்கு 6 வாரம் முழுச் சம்பளம் நீங்கள் தர வேண்டும்; வேலைக்குச் சேர்ந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். 30 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை யு-1 திருப்பித் தரும். கர்ப்பிணிக்கான செலவை யு-2 முழுவதுமாகத் திருப்பித் தரும். கர்ப்பம் என்று தெரிந்ததும் முகம் சுளிக்கும் முதலாளிகளைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்வேன்: பணம் உங்களுடையது இல்லை, ஏன் சுளிக்கிறீர்கள்? கர்ப்பிணியை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 10 மணி வரை வேண்டுமென்றால் அவர் சம்மதமும் அரசுத் துறையின் அனுமதியும் தேவை.

விடுப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. எடுக்காத விடுப்பு வருடக் கடைசியில் தானாகக் காலாவதியாகும் என்பது 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்போடு போய்விட்டது. ‘உனக்கு இத்தனை நாள் இருக்கிறது, எடுக்காவிட்டால் போய்விடும்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால்தான் போகும். ஜனவரியில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்வி. அனுப்பவே முடியாது என்பது பெரிய நிறுவனத்துக்குப் பாதி உண்மை, உங்களுக்குப் பெரும்பாலும் பொய். வேலைநீக்கப் பாதுகாப்புச் சட்டம் 10 பேருக்கு மேல் உள்ள இடத்தில்தான் முழுதாகப் பொருந்தும். வாரம் 20 மணி வரை வருபவர் அரை ஆள், 30 வரை முக்கால் ஆள். உங்களுக்கு 4 முழு ஆள், 5 அரை ஆள்: 6.5. ஆகவே முன்னறிவிப்புக் கெடு கொடுத்து நீக்க, அந்தச் சட்டம் கேட்கும் காரணத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இரண்டாவது கிளை திறக்கும்போது இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். எத்தனை பேர் இருந்தாலும் கர்ப்பிணியை, பிரசவமாகி 4 மாதம் வரை, அரசுத் துறை ஒப்புதல் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கக் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் ‘நான் கர்ப்பிணி’ என்று சொன்னாலும் அதே பாதுகாப்பு. கடும் உடற்குறை உள்ளவருக்கு, சேர்ந்து ஆறு மாதம் கடந்த பின், தனி ஒப்புதல் தேவை.

முன்னறிவிப்புக் கெடு: அதிகபட்சம் 6 மாத சோதனைக்காலத்தில் 2 வாரம். அது முடிந்தபின் 4 வாரம், மாதத்தின் 15-ஆம் தேதியிலோ கடைசி நாளிலோ முடிய வேண்டும். 2 வருடம் ஆனவருக்கு 1 மாதம், 5 ஆனால் 2, 8 ஆனால் 3 என்று ஏறி, 20 வருடத்தில் 7 மாதம். கல்லாவில் கைவைத்தவரை உடனே நீக்கலாம், ஆனால் உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள்.

கடிதத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதிலும் வழக்கு தோற்கலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் வந்த ‘சேர்க்கப்பட்டது’ என்ற வரியையும் காட்டினால் போதாது என்று எர்ஃபுர்ட்டில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று சொல்லிவிட்டது. நான் சொல்லும் முறை பழையது: நம்பகமான ஒருவர் கடிதத்தைப் படித்துப் பார்த்து, உறையில் போட்டு, நேரில் போய் அவர் தபால் பெட்டியில் போட்டு, தேதி, நேரம், பெட்டியின் படம் எல்லாம் குறித்து வைக்கட்டும். கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும். உங்கள் சார்பில் மேலாளர் போட்டால், அசல் அதிகாரப் பத்திரம் இணைக்காத காரணத்துக்காகவே ஊழியர் அதைத் திருப்பி அனுப்பலாம்.

வழக்கு வந்தால் பதற வேண்டாம். சில வாரங்களில் சமரச அமர்வுக்குக் கூப்பிடுவார்கள், பெரும்பாலான வழக்குகள் அங்கேயோ அதன் பின்னோ ஒரு தொகையில் முடிகின்றன. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பது பேரத்தின் தொடக்கப் புள்ளி. பொதுவான சட்ட உரிமை அப்படி ஒன்று இல்லை. முதல் நீதிமன்றத்தில் நீங்கள் ஜெயித்தாலும் உங்கள் வழக்கறிஞர் கட்டணம் உங்களுடையதே. அதையும் பேரத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்னை சமையல்காரருக்கு: சிறப்பு உணவகச் சமையல்காரர் என்ற பிரிவில் அனுமதி கிடைக்கும், அதிகபட்சம் 4 வருடம். வேலைவாய்ப்புத் துறை சம்பளத்தைப் பார்க்கும். உள்ளூர்ச் சமையல்காரரைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அவருடைய குடியிருப்பு அனுமதியின் நகலை நீங்கள் வைத்திருக்க வேண்டும். அவர் முன்கூட்டியே வேலையை விட்டால், தெரிந்த 4 வாரத்துக்குள் வெளிநாட்டவர் துறைக்குச் சொல்ல வேண்டும். 2026 ஜனவரி முதல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: வெளிநாட்டிலிருந்து எடுத்தவருக்கு, இலவசத் தொழிலாளர் ஆலோசனை எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளிலேயே நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் மேல் புகார் சொல்வது எப்படி என்று நீங்களே சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம், அதுதான் சட்டம்.

கடைசியாக அந்த விளம்பரம். ‘பரிமாற இளம் தமிழ்ப் பெண் தேவை, தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வரியில் வயது, இனம், பாலினம் மூன்றும் வந்துவிட்டன. 2006 முதல் இருக்கும் சமநடத்தைச் சட்டப்படி, விண்ணப்பித்து வேலை கிடைக்காத ஒருவர் இரண்டு மாதத்துக்குள் இழப்பீடு கேட்கலாம். எடுத்திருக்கவே வாய்ப்பில்லாதவர் என்றாலும் 3 மாதச் சம்பளம் வரை போகும். விளம்பரம் தமிழில் இருப்பதால் யாருக்கும் புரியாது என்று நினைக்காதீர்கள், வழக்குப் போடப் போகிறவரும் தமிழர்தான். இப்படி மாற்றுங்கள்: ‘எங்கள் உணவகத்தில் பரிமாறும் வேலைக்கு ஆள் தேவை, ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம். மினிஜாப், வாரம் 9 மணி நேரம், மணிக்கு 14 யூரோ. நல்ல ஜெர்மன் தேவை. தமிழ் பேசத் தெரிந்தால் வசதி.’